பக்கத்து சீட்டுக்காரரை நம்பாமலா லாக் செய்கிறோம்?

கேள்வி: சிறிய நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரே ஹாலில் எல்லாரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறோம். நாளில் பலமுறை சீட்டை விட்டு எழ வேண்டியிருக்கும். எழும்போது மானிட்டரை அணைத்துவிட்டுப் போவது வழக்கம். சில நாட்களுக்கு முன் நான் சாப்பிடப் போயிருந்தபோது, என் கம்ப்யூட்டரிலிருந்து என் பெயரில், மேலாளரைக் கிண்டல் செய்து அலுவலக சாட் குழுவுக்கு ஒரு மெசேஜ் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். “உன் பேர்லதானே வந்திருக்கு” என்றார். யார் செய்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதன் பிறகு எழும்போதெல்லாம், பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும்படி கம்ப்யூட்டரை லாக் செய்கிறேன். பக்கத்து சீட்டு அக்கா “எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டதிலிருந்து அதுவும் சங்கடமாக இருக்கிறது. மானிட்டரை அணைப்பது போதாதா? லாக் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் ரிப்போர்ட் நின்றுவிடுமா? நீளமான பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் அடிப்பது பெரிய தொல்லை. தானாக லாக் ஆகும்படி வைத்துவிட்டால் போதுமா?

பதில்: மானிட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தப் பொத்தானை அழுத்தினால் அணைவது திரை மட்டும்தான். நீங்கள் எழுந்து போனது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. மெயில், சாட், கணக்கு மென்பொருள் எல்லாம் திறந்தபடியே உங்கள் பெயரில் காத்துக்கொண்டிருக்கும். யாராவது அதே பொத்தானைத் தொட்டால், நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவர் தொடரலாம். இன்னும் கேட்டால், அணைந்த மானிட்டர் எரிந்துகொண்டிருக்கும் மானிட்டரைவிட மோசம். எரிந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகிற யாராவது “ஏம்மா, சிஸ்டத்தை இப்படியே விட்டுட்டுப் போயிட்டியே” என்று சொல்லவாவது வழி உண்டு. இருட்டாக இருந்தால் மூடித்தான் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள், உங்களையும் சேர்த்து.

உங்கள் மேலாளர் சொன்னது உங்களைச் சுட்டிருக்கும். ஆனால் அந்த ஒரு வரியில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. காலையில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்த நொடியிலிருந்து, அந்தக் கீபோர்டில் யார் விரல் பட்டாலும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது உங்கள் விரல். மெயிலில் அனுப்புநர் நீங்கள். வவுச்சரைத் திருத்தியவர் யார் என்று மென்பொருள் பதிந்து வைப்பது உங்கள் யூசர் ஐடியை. பொது ஃபோல்டரில் ஒரு ஃபைல் காணாமல் போனால், அழித்தவர் நீங்கள். பின்னாளில் யாராவது கேட்டால் பதில் சொல்லப் போவது அந்தப் பதிவுதான். நாற்காலியில் அப்போது யார் இருந்தார் என்பது அதில் எங்கேயும் இருக்காது.

கிண்டல் மெசேஜ் போனதில் ஒரு நன்மை, அது உடனே எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. “ஒரு நிமிஷத்துல என்ன செஞ்சிடப் போறாங்க?” என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை வேறு. ஒருவர் உங்கள் நாற்காலியில் உட்காருகிறார். மெயிலின் செட்டிங்ஸைத் திறக்கிறார். ‘பில்’ என்ற சொல் வரும் மெயில்கள் எல்லாவற்றின் நகலையும் இன்ன முகவரிக்கு அனுப்பு என்று ஒரு விதியைப் போடுகிறார். சேவ் செய்துவிட்டு அந்த ஜன்னலை மூடி, மவுஸை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். நீங்கள் திரும்பி வரும்போது திரை விட்ட மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்து அடுத்த மாதம் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி போகாது. அது இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில் அல்ல, மெயில் சர்வரில். சில மெயில் சேவைகள் இதைச் செய்யுமுன் மறுபடி அடையாளம் கேட்கும், சில நிறுவனங்கள் வெளி முகவரிக்குப் போவதையே தடுத்து வைத்திருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டது என்று புகார் வந்தால், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்கள் முதலில் திறந்து பார்க்கும் இடங்களில் இந்த மெயில் விதிகளும் ஒன்று. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் உண்டு: சப்ளையரின் வங்கிக் கணக்கு எண். அதில் சில இலக்கங்களை மாற்ற அரை நிமிடம் போதும், மாற்றியது தெரிய மாதக் கடைசி ஆகலாம்.

ஆகவே இன்றைக்கே ஒரு வேலை: உங்கள் மெயிலில் ஃபார்வர்டிங், ரூல்ஸ் இரண்டையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாதது ஏதாவது இருந்தால் அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நுட்பக் கேள்விகளைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. லாக் செய்யாதவர்களிடம் காரணம் கேட்டால் பாதிப் பேர் மறதி என்பார்கள், மீதிப் பேர் சொல்லத் தயங்குவது இந்தச் சங்கடத்தைத்தான்.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் எழும்போது பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் எழுவார். பக்கத்தில் நிற்பவர் திருடர் என்று அதற்குப் பொருள் இல்லை. ராத்திரி கணக்கு பார்க்கும்போது பணம் குறைந்தால், பக்கத்தில் நின்றவர் மேல் பேச்சு வரக்கூடாது என்பதற்காகவும்தான் அந்தப் பூட்டு. உங்கள் அலுவலகத்தில் இப்போது நடப்பதைப் பாருங்கள். அந்த மெசேஜை அனுப்பியது ஒருவர். ஆனால் ஹாலில் இருக்கும் எல்லார் மேலும் சந்தேகத்தின் நிழல் விழுந்திருக்கிறது, அந்த அக்கா மேலும்தான். பக்கத்து சீட் என்பதால் அவர் மேல் ஒரு பங்கு கூடுதலாகவே விழுந்திருக்கும். அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். “அக்கா, அன்னைக்கு லாக் பண்ணியிருந்தா உங்களை யாரும் சந்தேகமாப் பார்த்திருக்க மாட்டாங்க, அதுக்காகவும்தான் பண்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. லாக் செய்வதென்றால் எல்லார் முன்னாலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். மேலாளர் பக்கத்தில் நிற்கும்போதும், ஹாலில் யாருமே இல்லாதபோதும், தண்ணீர் பிடிக்க நாலடி போகும்போதும். குறிப்பிட்ட ஒருவர் வரும்போது மட்டும் கை கீபோர்டுக்குப் போனால் அதுதான் அவமானம். அதை அவர் கண்டிப்பாகக் கவனிப்பார். எப்போதும் செய்பவரை யாரும் கவனிப்பதில்லை, அது அவர் எழுந்திருக்கும் விதத்தில் ஒன்றாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பக்கத்தில் யாராவது லாக் செய்யாமல் போயிருப்பதைப் பார்த்தால், நீங்களே போய் லாக் செய்துவிட்டு வாருங்கள். சில அலுவலகங்களில் “பாடம் புகட்டுவது” என்று ஒரு விளையாட்டு உண்டு: திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அவர் பெயரில் எதையாவது அனுப்பிவிடுவது, திரைப் படத்தை மாற்றுவது, திரையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பது. எனக்கு இது அறவே பிடிக்காது. அடுத்தவர் பெயரில் ஒரு சொல் போவதைத் தடுக்கத்தான் லாக். அதைக் கற்றுக்கொடுக்க அடுத்தவர் பெயரிலேயே மெசேஜ் அனுப்புவது என்ன நியாயம்? உங்களுக்கு நேர்ந்ததும் அப்படி ஒரு விளையாட்டாகத்தான் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

இனி கை வேலைக்கு வருவோம். விண்டோஸில் விண்டோஸ் கீயையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்த நொடியே லாக். 2001இல் எக்ஸ்பி வந்த காலத்திலிருந்து இந்தச் சேர்க்கை மாறவில்லை. பழக்கம் ஏன் ஒட்டுவதில்லை என்று கவனித்தால் பெரும்பாலும் காரணம் கைதான். விண்டோஸ் கீ இடது மூலைப் பக்கம், எல் வலது பக்கம். எழும்போது ஒரு கையில் போனோ ஃபைலோ இருக்கும், மற்றக் கை மட்டும் காலியாக இருக்கும். இரண்டு கை வேண்டிய வேலை அங்கேயே தட்டிப்போகும். உங்கள் கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கமும் ஒரு விண்டோஸ் கீ இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் கீபோர்டுகள் பலவற்றில் வலது ஆல்ட்டுக்கு அடுத்து இருக்கும். வலது கைக் கட்டை விரலை அதில் வைத்தால் அதே கையின் இன்னொரு விரல் எல்லுக்கு எட்டும். ஒரே கை, ஒரே அழுத்து. நாற்காலியைப் பின்னால் தள்ளுவதற்கு முன் இது, பிறகுதான் எழுவது. அந்த வரிசை மாறக்கூடாது. எழுந்த பிறகு குனிந்து லாக் செய்யலாம் என்று நினைத்தால் நாலு நாளில் விட்டுப்போகும்.

கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி வரும் பட்டியலில் லாக்கைத் தேர்ந்தெடுப்பது பழைய வழி, இப்போதும் செல்லும். அந்த மூன்று விசைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1993இல் வந்த விண்டோஸ் என்டி முதல், சாதாரண மென்பொருள் எதுவும் இந்தச் சேர்க்கையைக் குறுக்கே பிடிக்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். லாகின் திரை மாதிரியே ஒரு போலித் திரையைக் காட்டி பாஸ்வேர்டை வாங்கப் பார்க்கும் மென்பொருள் இந்த மூன்று விசைக்கு முன் தோற்றுப்போகும். சில நிறுவனங்களில் லாக்கைத் திறக்கும்போது இதைக் கட்டாயமாக அழுத்தச் சொல்வது அதனால்தான். வெட்டிச் சடங்கு என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், க்யூ. லினக்ஸில் க்னோம் திரை என்றால் சூப்பர் கீயும் (விண்டோஸ் கீக்கு அங்கே அந்தப் பெயர்) எல்லும். வேறு சிலவற்றில் கண்ட்ரோல், ஆல்ட், எல்.

விண்டோஸ் கீயையும் எல் எழுத்தையும் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், விளையாட்டுக்கென்று செய்த கீபோர்டா என்று பாருங்கள். விளையாடும்போது தெரியாமல் அழுத்திவிடக் கூடாது என்று விண்டோஸ் கீயையே முடக்கி வைக்கும் வசதி அவற்றில் உண்டு. இல்லையென்றால் உங்கள் சிஸ்டம் அட்மின், அதாவது அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர், லாக் வசதியை நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

பாஸ்வேர்டே இல்லாத கணக்கில் லாக் செய்வதற்கு அர்த்தம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழகான படம் வரும், என்டர் தட்டினால் திறந்துகொள்ளும். வீட்டு கம்ப்யூட்டர்களில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நீளமான பாஸ்வேர்டு தொல்லைக்குத் தீர்வு இருக்கிறது. பாஸ்வேர்டைச் சின்னதாக்காதீர்கள், பின் (PIN) என்ற சின்ன எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் என்று போனால் பின் வைக்கும் இடம் இருக்கும். சின்ன எண் எப்படி நீளமான பாஸ்வேர்டுக்கு ஈடாகும் என்று தோன்றும். பாஸ்வேர்டு தெரிந்தவர் வேறு கம்ப்யூட்டரிலிருந்தும், வீட்டிலிருந்தும்கூட உங்கள் கணக்கில் நுழைந்துவிடலாம். பின் எண் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது, வேறெங்கும் செல்லாது. சில முறை தவறாக அடித்தால் மேற்கொண்டு முயற்சிக்க விடாமல் நிறுத்தியும் வைக்கும். பிறந்த வருடம், 1234 மாதிரி வேண்டாம், அவ்வளவுதான். யுஎஸ்பியில் செருகும் கைரேகைக் கருவி வாங்கித் தந்தால் இன்னும் சுலபம். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல். தமிழ்99 கீபோர்டு போட்டிருக்கும்போது லாக் செய்துவிட்டு வந்தால், சில நேரம் பாஸ்வேர்டு பெட்டியிலும் கீபோர்டு தமிழிலேயே நின்றுவிடும். பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகள் மட்டும்தானே தெரிகின்றன, என்ன எழுத்து விழுகிறது என்று தெரியாது. சரியான பாஸ்வேர்டையே மூன்று முறை அடித்துவிட்டு, மறந்துவிட்டோமோ என்று பதறி எங்களுக்குப் போன் செய்வார்கள். திரையின் கீழ் வலது மூலையில் மொழிக் குறி இருக்கும். அதைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. பின் எண்ணை ஏற்கவில்லை என்றால், கீபோர்டில் எண் பகுதியை இயக்கும் ‘நம் லாக்’ (Num Lock) விசையையும் ஒரு பார்வை பாருங்கள்.

ரிப்போர்ட் நின்றுவிடுமா என்று கேட்டீர்கள். லாக் செய்வதால் எதுவும் நிற்காது. ரிப்போர்ட் ஓடும், டவுன்லோட் ஓடும், பேக்கப் ஓடும். பாட்டு போட்டிருந்தால் அதுவும் பாடிக்கொண்டிருக்கும். நிறுத்துவது ஸ்லீப். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பம். விண்டோஸில் லாக் செய்து ஒரு நிமிடம் போல ஆனதும் திரை தானே கறுத்துவிடும். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்று பலர் அங்கேதான் நினைக்கிறார்கள். அது திரைதான். உண்மையான ஸ்லீப் பவர் செட்டிங்ஸில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கிறதோ அப்போதுதான் வரும். ஒரு மணி நேரம் ஓடும் ரிப்போர்ட் உங்களுக்கு உண்டென்றால் ஸ்லீப் நேரத்தை அதற்கு மேல் வையுங்கள், அல்லது நெவர் என்று வையுங்கள். லாக்கைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் பாதி அடித்த ஃபைலை சேவ் செய்யாமல் எழாதீர்கள். லாக் திரையிலேயே ரீஸ்டார்ட் பொத்தான் இருக்கும் பல கம்ப்யூட்டர்களில். இன்னொருவர் வேலை திறந்திருக்கிறது, சேவ் செய்யாதது போய்விடலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். அவசரக்காரர் அதையும் தட்டிவிட்டுப் போவார். கரண்ட் போனாலும் இதே கதிதான். கண்ட்ரோல் எஸ், அப்புறம் விண்டோஸ் எல். இரண்டும் ஒரே மூச்சில் வரட்டும்.

தானாக லாக் ஆகும்படி வைப்பது வேண்டும். அதை மட்டும் நம்புவது வேண்டாம். ஏன் என்றால், அந்த டைமர் எண்ணுவது நீங்கள் எவ்வளவு நேரமாக இல்லை என்பதை அல்ல. கீபோர்டும் மவுஸும் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கின்றன என்பதைத்தான். பத்து நிமிடம் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். நீங்கள் எழுந்து மூன்றாவது நிமிடம் ஒருவர் வந்து மவுஸை அசைத்தால் டைமர் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அவர் உட்கார்ந்து வேலை பார்க்கும்வரை அது லாக் ஆகவே ஆகாது. அதற்கு விரல் தெரியாது, அசைவுதான் தெரியும். மேசைக்கு அடியில் எதிலோ பட்டு ஆடிக்கொண்டே இருக்கும் மவுஸ்கூட அதை ஏமாற்றும். திரை அணையாமல் இருக்க மவுஸை ஆட்டிக்கொண்டே இருக்கும் சிறு கருவிகளையே விற்கிறார்கள். அதைச் செருகி வைத்திருப்பவரின் கம்ப்யூட்டர் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

கையால் செய்வது உங்கள் வேலை, நீங்கள் மறந்த நாளுக்கு டைமர். அதை அமைக்க செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன், ஸ்கிரீன் சேவர் என்று போங்கள். பட்டியலில் பிளாங்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, நிமிடத்தைக் கொடுத்து, ‘ஆன் ரெஸ்யூம், டிஸ்பிளே லாகான் ஸ்கிரீன்’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்த டிக் இல்லாமல் ஸ்கிரீன் சேவர் மட்டும் ஓடினால் மானிட்டரை அணைத்த கதைதான். ஸ்கிரீன் சேவர் பிறந்தது பாதுகாப்புக்காகவும் இல்லை. பழைய டியூப் மானிட்டர்களில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் உள்பூச்சு தேய்ந்து அதன் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும், அதைத் தடுக்க வந்தது. பாஸ்வேர்டு பிறகு ஒட்டிக்கொண்டது.

எத்தனை நிமிடம்? கார்டு வழியாகப் பணம் வாங்கும் நிறுவனங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதி, 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் கேட்க வேண்டும் என்கிறது. அது மேல் வரம்பு. அடுத்தடுத்து உட்காரும் ஹாலில் 5 நிமிடம் என்று நான் வைப்பேன். வெளியாட்கள் எட்டிப் பார்க்கும் கவுன்டர் என்றால் 2 நிமிடம். 1 நிமிடம் வைத்துவிட்டு, ஒரு காகிதத்தைப் படித்து நிமிர்வதற்குள் லாக் ஆகிவிட்டது என்று எரிச்சல்பட்டு, கடைசியில் மொத்தமாக எடுத்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைப்பிடிக்க முடிகிற நேரமே நல்ல நேரம்.

போனை ப்ளூடூத்தில் இணைத்து, போன் விலகிப் போனால் லாக் ஆகும்படி வைக்கும் டைனமிக் லாக் என்ற வசதி 2017 முதல் விண்டோஸில் இருக்கிறது. கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளலாம். சிக்னல் அறுந்து அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத்தான் அது விழித்துக்கொள்ளும். பக்கத்து அறைக்குப் போனால் சிக்னல் அறுபடாமலும் இருக்கலாம். போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

லாக் ஆன திரையிலும் கசிவு உண்டு. வரும் மெசேஜின் முதல் வரி, ஓடிபி எண், மெயிலின் தலைப்பு இவை லாக் திரைமீதே வந்து நிற்கும். நோட்டிஃபிகேஷன்ஸ் செட்டிங்ஸில் லாக் திரையில் காட்டாதே என்று மாற்றிவிடுங்கள்.

லாக் எதைத் தடுக்காது என்றும் தெரிந்திருப்பது நல்லது. கம்ப்யூட்டரையே தூக்கிப் போய் ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால், டிஸ்க் என்கிரிப்ட் ஆகாதிருந்தால், அதாவது சாவி இல்லாதவருக்குப் படிக்க முடியாதபடி மாற்றப்படாதிருந்தால், லாக் திரை அங்கே ஒன்றும் செய்யாது. அதற்கு விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் என்று தனிக் காவல் உண்டு. ஆனால் அந்தத் தனிக் காவலும் லாக்கைத்தான் நம்பியிருக்கிறது. சில்க் ரோடு என்ற கள்ளச் சந்தைத் தளத்தை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் 2013 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது நூலகத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். மூடியை அவர் சாத்திவிட்டால் போதும், உள்ளே இருப்பதை எடுப்பது பெரும்பாடு என்பது எஃப்பிஐக்குத் தெரியும். இரண்டு பேர் காதலர்கள் போல அவர் பின்னால் சண்டை போட்டார்கள். என்ன சத்தம் என்று அவர் திரும்பிய கணத்தில் திறந்திருந்த லேப்டாப்பை எதிரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர் உள்ளே நுழைந்திருந்த நிலையிலேயே முக்கிய ஆதாரங்கள் கிடைத்தன. அவர் குற்றவாளி என்று 2015இல் தீர்ப்பானவர், நாம் அப்பாவிகள், அது வேறு. ஆனால் எவ்வளவு வலுவான என்கிரிப்ஷன் என்றாலும் திறந்த திரைக்கு முன் அது இல்லாததற்குச் சமம் என்பது எல்லாருக்கும் பொது.

லாக் திரையும் ஒரு மென்பொருள்தான் என்பதால் அதிலும் ஓட்டை விழும். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட்டில் அப்படி ஒன்று வெளியே வந்தது. குழந்தைகள் விளையாட்டாகக் கீபோர்டையும் திரைக் கீபோர்டையும் கண்டபடி தட்டியதில் லாக் திரை செயலிழந்து டெஸ்க்டாப் திறந்துகொண்டது. தகப்பனார் புகார் கொடுக்க, அதைச் சரிசெய்தார்கள். அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

விடுப்பில் இருக்கும்போது “உன் சிஸ்டத்துல ஒரு ஃபைல் இருக்கு, பாஸ்வேர்டு சொல்லு” என்று போன் வந்தால் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் இத்தனை நாள் லாக் செய்ததும் வீண். அந்த ஃபைலை எடுத்துக் கொடுக்க சிஸ்டம் அட்மினால் முடியும், அவர் எடுத்தது அவர் பெயரில் பதிவாகும். ஒரே யூசர் ஐடியை இரண்டு மூன்று பேர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் உங்கள் ஹாலில் இருந்தால் அதையும் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவர் லாக் செய்துவிட்டுப் போனாலும் அந்த வேலையை மூடாமலேயே இன்னொருவர் தன் கணக்கில் நுழைய விண்டோஸில் வழி இருக்கிறது.

கடைசியாக, அந்த மெசேஜ். மேலாளரிடம் மறுபடி “நான் இல்லை” என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. மெசேஜ் போன நேரம் என்ன என்று சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறு இடத்தில் இருந்ததற்கு ஏதாவது பதிவு இருக்கலாம்: கதவில் தேய்க்கும் அட்டை, நீங்கள் பேசிய போன் அழைப்பு, கூடச் சாப்பிட்டவர். அதோடு போய் பேசுங்கள், எழுத்தில் ஒரு மெயிலும் அனுப்பி வையுங்கள். இனிமேலுக்கு, சிஸ்டம் அட்மினிடம் ஒன்று கேளுங்கள். விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில் லாக் ஆனதும் 4800 என்ற எண்ணிலும், லாக் திறந்ததும் 4801 என்ற எண்ணிலும் நேரத்தோடு பதிவாகும்படி செய்ய முடியும். அந்தத் தணிக்கை வசதியை இயக்கி வைத்தால்தான் பதியும். பல இடங்களில் இயக்கியிருக்க மாட்டார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அதை இயக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது “உன் பேர்லதானே வந்திருக்கு” என்றால், மதியம் 1.10க்கு லாக் ஆகி 1.45க்குத்தான் திறந்தது என்று காட்டும் இரண்டு வரிகள் அட்மினிடம் இருக்கும்.